எங்கே எரிகிறது?

சோக்லுவானின் மூக்கைப் பற்றிச் சீனாவின் சாந்தோவ் துறைமுகத்தில் பலவிதமாகப் பேசிக்கொள்வார்கள். எதிர்க்காற்றில் நின்றபடியே எந்தப் படகில் எந்த மீன் கெடத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாளாம். சுங்கத்துறைக்காரர்கள் மோப்ப நாய் வாங்குவதற்கு முன்னால் அவளிடம்தான் வந்து கேட்டார்களாம். வீட்டில் வேலை கிடக்கிறது என்று அவள் அனுப்பிவிட்டாளாம். இதில் பாதியைக் கழித்துவிட்டாலும் மீதிப் பாதியே தாராளம். அப்பேர்ப்பட்ட மூக்கை இப்போது தன் கணவர் ஹோக்சேங்கின் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஊதுய்யா.”

“இப்பதானே ஊதினேன்.”

“அது பெருமூச்சு. வாயைத் திறந்து ஊது.”

ஹோக்சேங் ஊதினார். கஞ்சி மணம் இருந்தது, பற்பசை மணம் இருந்தது. தேயிலை மணம் மட்டும் இல்லை.

“என்ன இன்ஸ்பெக்டரம்மா, கேஸ் போடலாமா?”

“பல்லு விளக்கிட்டு வந்திருக்க.”

“பல்லு விளக்கினா குத்தமா?”

“நீ மத்தியானம் பல்லு விளக்கினா குத்தம்தான்.”

ஹோக்சேங் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் தேநீர் குடிக்கும் சூட்டைப் பற்றியும் கதை உண்டு. விரல்நுனி அளவுக் கிண்ணத்தில் ஊற்றியது ஊற்றியபடி உள்ளே போய்விடும். அவர் வாயில் விட்ட சூட்டில் வேறொருவர் ஒரு கோழியை இறகுபோக்கி முடித்திருக்கலாம். ஆறின தேநீர் மாமியாரின் அன்பு மாதிரி, இருந்தும் பயனில்லை என்பார். அப்படிக் குடித்த தொண்டையில் சென்ற மாதம் சோறு இறங்காமல் நின்றது. குழாயை விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய்.

அந்தச் சொல்லை மருத்துவமனையில் சோக்லுவானிடமும் மகன் புன்கியட்டிடமும்தான் சொன்னார்கள். அங்கே அதுதான் வழக்கம். வீட்டார் தெரிந்துகொண்டு அழுவார்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் நோயாளியிடம் சிரிப்பார்கள். சோக்லுவானும் கழுவிக்கொண்டு போனாள். “உள்ள சின்னதா ஒரு புண்ணு. அந்த இடத்தை வெட்டிட்டுத் தைச்சிடுவாங்களாம். அவ்வளவுதான்” என்றாள். புன்கியட் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான், ஒரு சின்னப் புண்ணுக்கு ஆட்ட வேண்டியதைவிடப் பத்து மடங்கு அதிகமாக. ஹோக்சேங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சரி என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நோய் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது, வேறெங்கும் பரவவில்லை, ஆபரேஷன் செய்தால் நல்லபடியாக வர வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் நிங் சொல்லியிருந்தார். ஆனால் இன்று காலை, ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சோக்லுவானைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். டாக்டர் நிங் குள்ளமான பெண். வெட்டும்போது நோயாளியைப் பார்க்க மணைமேல் ஏறி நிற்பார் என்று கேள்வி. பேச்சில் மட்டும் மணை தேவைப்படாது.

“ரத்தத்துல அழற்சி அளவு எக்கச்சக்கமா ஏறியிருக்கும்மா. போன தடவை பார்த்தப்ப நல்லா இருந்துச்சு. உடம்புல எங்கயோ தீப்பிடிச்சு எரியுது. எங்கன்னுதான் தெரியல. நெஞ்சு சுத்தமா இருக்கு, சிறுநீர் சுத்தமா இருக்கு. எங்கயாவது வலிக்குதான்னு அவரைக் கேட்டேன். இல்லவே இல்லங்கிறார்.”

“அப்ப எங்க எரியுது?”

“அதான் பயம். சில பேருக்கு அந்தக் கட்டியே உடம்பு முழுக்கத் தீயை மூட்டிவிடும். அப்படி எரியுற உடம்பை வெட்டினா, தைச்ச இடம் சேர மாட்டேங்குது, காய்ச்சல் வருது, நோயும் சீக்கிரமா திரும்பி வருது. எல்லாருக்கும்னு சொல்லல. நிறையப் பேருக்கு. வியாழக்கிழமை எங்க டாக்டர்கள் கூட்டம் இருக்கு. அதுக்குள்ள காரணம் தெரிஞ்சாத் தேவலை. தெரியலன்னா ஆபரேஷனைத் தள்ளிவெச்சிட்டு மருந்துல போகலாம்னுதான் பேசுவாங்க.”

“மருந்துல போனா பொழைப்பாரா?”

டாக்டர் நிங் கையிலிருந்த தாளை மடித்தார். “வீட்ல என்ன சாப்பிடுறார், என்ன குடிக்கிறார்னு பாருங்க” என்றார்.

அது போதாதா சோக்லுவானுக்கு? வீடு திரும்பும் பேருந்திலேயே குற்றவாளியைப் பிடித்துவிட்டாள். கிழவன் திருட்டுத்தனமாகக் கொதிக்கும் தேநீர் குடிக்கிறான். புண்ணின்மேல் கொதிநீர் ஊற்றினால் எரியாமல் என்ன செய்யும்? தேநீர்க் குடுவையை அவள் முன்பே பறித்துக் கீழ்வீட்டுக்காரியிடம் கொடுத்திருந்தாள். வந்ததும் வராததுமாகக் கீழே போய்க் குடுவை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதற்காக மனம் சமாதானமாகிவிடவில்லை. கீழ்வீட்டுக்காரியும் சேர்ந்துகொண்டு ஊற்றிக்கொடுக்கிறாளோ என்று ஒரு சந்தேகம் புதிதாகக் கிளம்பியது. அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து விரலால் கிளறினாள். காயப்போட்டிருந்த அவர் சட்டையின் பையை முகர்ந்தாள். பூந்தொட்டி மண்ணைக்கூட முகர்ந்தாள், அங்கே கொட்டியிருப்பாரோ என்று.

வேலைபார்க்கும் ஷென்ஜென் நகரிலிருந்து புன்கியட் போனில் வந்தான்.

“அம்மா, அப்பா நெஜமாவே குடிக்கலன்னா?”

“உங்கப்பா நெஜமாவே செய்யாத காரியம் ஒண்ணு சொல்லு பார்ப்போம்.”

“கேட்டுப் பாரேன்.”

“கேட்டேன். இல்லன்னார். அதுலயே தெரிஞ்சுபோச்சு.”

மதியம் அவருக்கு எலும்பு சூப்பு வைத்துக்கொடுத்தாள். ஹோக்சேங் ஒரு வாய் குடித்துவிட்டு, “பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு” என்றார்.

நோயாளியிடம் கோபப்படக் கூடாது என்று சோக்லுவான் பல்லைக் கடித்துக்கொண்டாள். “அடுத்த தடவை நல்லா வைக்கிறேன்” என்றாள், வெண்ணெய் தடவின குரலில். ஹோக்சேங் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளை நெடுநேரம் பார்த்தார். அவளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். சந்தேகத்தில் சளைத்தவர்கள் இல்லை இருவரும்.

அப்போதுதான் அவள் அந்தக் காலுறையைக் கவனித்தாள்.

ஊரே வெந்து வழிந்துகொண்டிருந்தது. புயலுக்கு முந்தைய புழுக்கம். பூனைகள் தரையில் தோசை மாதிரி அப்பிக்கிடந்தன. ஹோக்சேங் மட்டும் குளிர்காலத்துக் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது காலுறை முன்பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்தது.

“என்னய்யா இது?”

“கால் ஜில்லுன்னு இருக்கு.”

“இந்த வெயில்லயா?”

“வயசாயிடுச்சுல்ல.”

அவர் உண்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது அவள் மெல்லக் குனிந்து காலுறையின் ஓரத்தைத் தொட்டாள். அவ்வளவுதான், நத்தை கொம்பை இழுத்துக்கொள்வதுபோலக் கால் விருட்டென்று போர்வைக்குள் போய்விட்டது. அவர் கண்ணும் திறந்துவிட்டது. சோக்லுவானுக்கு விளங்கிவிட்டது: காலுறைக்குள் தேயிலைப் பொட்டலம்.

சாயங்காலம், “கோய் கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்” என்று அவர் கிளம்பினார். அவள் பின்னாலேயே போனாள். எப்படிப் போனாள் என்றால், மீன்கூடைகளுக்குப் பின்னால் பதுங்கினாள், ஒரு டெம்போவுக்குப் பின்னால் நின்றாள், தெரிந்தவர் வணக்கம் சொன்னபோது வாயில் விரல்வைத்து அவரையும் பதுங்கவைத்தாள். இத்தனை பாடு தேவைப்பட்டிருக்காது. ஹோக்சேங் அவ்வளவு மெல்லத்தான் நடந்தார். வலது காலை முட்டைமேல் வைப்பதுபோல வைத்து வைத்து நடந்தார். பொட்டலம் பிரிந்துவிடுமோ என்று பயம் போலிருக்கிறது என்று சோக்லுவான் நினைத்துக்கொண்டாள்.

கோய் வலையும் கயிறும் விற்பவன். கடையின் நடுவில் சதுரங்கப் பலகை, பக்கத்தில் தேநீர்த் தட்டு, அதன்மேல் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும் கெண்டி. ஹோக்சேங்கும் கோயும் இளவயதிலிருந்து நண்பர்கள். ஒருவனிடம் ஒருவன் தோற்பதைவிடக் கடலில் குதிக்கலாம் என்று நினைக்கிற வகை நண்பர்கள். நோயின் பெயரைச் சோக்லுவான் கோயிடமும் சொல்லிவைத்திருந்தாள். சோக்லுவான் தொங்கும் வலையை விலக்கிக்கொண்டு புயல் மாதிரி உள்ளே நுழைந்தாள். ஹோக்சேங்கின் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி வாயில் ஊற்றிக்கொண்டாள்.

பச்சைத் தண்ணீர்.

“என்ன அண்ணி, தாகமா?” என்றான் கோய்.

அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. குற்றவாளி குற்றம் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சுற்றுமுற்றும் பார்த்தாள். ஹோக்சேங் முழங்கைக்குப் பின்னால் எதையோ மறைப்பது தெரிந்தது. இழுத்தாள். ஒரு கிண்ணம். பூண்டும் மிளகாயும் உப்புநீரும் சேர்த்து ஊறப்போட்ட பச்சைச் சிப்பி. முக்கால்வாசி ஓடுதான் மிச்சம்.

“இதென்ன?”

“தொண்டையில வழுக்கிட்டு இறங்குது” என்றார் ஹோக்சேங், திருடனின் குரலில். “உன் கஞ்சியைத் தவிர வேற எதுவுமே இறங்க மாட்டேங்குது. இது இறங்குது.”

“தினமும் திங்கிறியா?”

“மாட்டுக்கறி சூப்போட சேத்து” என்றான் கோய், உதவி செய்கிற நினைப்பில். “கேட்டான், கொடுத்தேன் அண்ணி. நோயாளி ஆசைப்பட்டுக் கேக்கும்போது எப்படி…” என்று இழுத்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

ஹோக்சேங் அவனைப் பார்த்தார். சோக்லுவான் அவரைப் பார்த்தாள். பேச்சை மாற்றியாக வேண்டும். அந்த அவசரத்தில் முக்காலிக்குக் கீழே புடைத்துக்கொண்டிருந்த கம்பளிக் காலுறை அவள் கண்ணில் பட்டது. தேயிலையைத் தூளாக்கிவிட்டால் பிறகு எப்படிக் குடிப்பான் பார்க்கலாம் என்று குதிகாலைத் தூக்கி அதன்மேல் நச்சென்று மிதித்தாள்.

ஹோக்சேங் போட்ட சத்தத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று பதில் சங்கு ஊதியது என்பார்கள். கெண்டி கவிழ்ந்தது, சதுரங்கக் காய்கள் கயிற்றுச் சுருளுக்குள் சிதறின. சோக்லுவான் பதறிப்போய்க் காலுறையை உருவினாள். உள்ளே பொட்டலம் இல்லை. கட்டைவிரலின் அடிமூட்டு பழுத்த ப்ளம் பழம்போலச் சிவந்து, வீங்கி, பளபளத்துக்கொண்டிருந்தது. கிட்டே கையைக் கொண்டுபோனாலே சூடு அடித்தது.

“பாத்துட்டியா? திருப்தியா?” ஹோக்சேங்கின் கண்ணில் நீர் வழிந்தது. “இறங்கிடுச்சு. தொண்டையிலேருந்து கால் வரைக்கும் இறங்கிடுச்சு.”

“எது இறங்கிடுச்சு?”

“உங்க சின்னப் புண்ணு. கேன்சர்.”

கோய் தரையில் மண்டியிட்டுக் காய்களைத் தேடத் தொடங்கினான். அவ்வளவு அக்கறையாக அவன் எதையும் தேடி யாரும் பார்த்ததில்லை.

“உனக்கு யாரு சொன்னது?” என்றாள் சோக்லுவான்.

“நீதான்.”

“நானா? செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்!”

“சூப்பு பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னேன். நீ என்ன சொன்ன? அடுத்த தடவை நல்லா வைக்கிறேன்ன. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படி ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வந்திருக்கா? கரண்டியைத் தூக்கி எறிஞ்சிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். இன்னைக்கு மட்டுமா, ஒரு மாசமாவே என்னைத் திட்ட மாட்டேங்கிற. இவன் என்னடான்னா ஆட்டத்துக்கு ஆட்டம் தோக்கிறான். இவ்வளவு நல்லவங்களா ஆகுற அளவுக்கு எனக்கு என்ன வந்திருக்கும்? எனக்குக் கணக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா ஏன்யா காலைக் காட்டல? டாக்டரம்மா வாயைவிட்டுக் கேட்டாங்களே, எங்கயாவது வலிக்குதான்னு!”

“பரவிட்டா வெட்ட மாட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்தவங்க பேசிக்கிட்டாங்க.” ஹோக்சேங் மூக்கை உறிஞ்சினார். “எனக்கு வெட்டணும். கொஞ்ச நாளாவது உன்கூடச் சண்டை போட்டுட்டுப் போகணும்.”

சோக்லுவான் அந்த இடத்திலேயே கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆபரேஷன் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று இவர் காலை மறைத்தார். மறைத்த கால் ரத்தத்தில் தீயாக எரிந்துகொண்டு, ஆபரேஷனைக் கைவிடச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கால்வலியைச் சொல்லாததற்குக் காரணம், அவரிடம் நோயைச் சொல்லாதது. அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காலுறையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

கோய் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து காலை உற்றுப் பார்த்தான். பிறகு உருண்டு உருண்டு சிரித்தான்.

“டேய் மடையா! இது கௌட்டுடா, மூட்டுவாதம்! சிப்பியும் மாட்டுக்கறியும் தின்னா வர்றது! எனக்கு வருசா வருசம் வருது. நான் நொண்டிக்கிட்டு வந்தப்ப வாத்துன்னு கூப்பிட்டுக் கேலி பண்ணினியே, மறந்துட்டியா?” என்று தன் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி மேசைமேல் வைத்தான்.

அந்த ஊரில் பாதிப் பேருக்கு அது உண்டு. ஹோக்சேங்கும் பார்க்காதவர் இல்லை. ஆனால் மனதில் ஒரே நோய் குடியிருக்கும்போது உடம்பில் எது வந்தாலும் அதுதான் என்றுதானே தோன்றும்?

சோக்லுவானுக்குச் சந்தேகம் தீரவில்லை. “நோயாளி மனசு நோகக் கூடாதுன்னு நீ இதையும் சொல்லுவ. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்கு.”

கோயின் வலைவண்டியில் அவரை ஏற்றி, வலையின்மேல் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். டாக்டர் நிங் மூட்டில் ஊசியால் துளி நீரெடுத்து நுண்ணோக்கியின் கீழே பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஊசி ஊசியாப் படிகம். கௌட்டேதான். வலி உச்சத்துல இருக்கும்போது, கௌட்டை உண்டாக்குற யூரிக் அமிலம் ரத்தத்துல சில சமயம் ஒழுங்காவே காட்டும். அதான் எங்களுக்கும் பிடிபடல. எங்கயும் வலிக்கலன்னு எந்த வாயால சொன்னீங்க பெரியவரே?”

“அப்ப அந்தத் தீ இந்தக் கால்ல எரிஞ்சதுதானா?” என்றாள் சோக்லுவான்.

“அப்படித்தான் நினைக்கிறேன். நினைச்சா மட்டும் போதாது. கால் வீக்கம் இறங்கும்போது ரத்தத்துல அழற்சி அளவும் கூடவே இறங்கணும். இறங்கிட்டா நெருப்பு இங்கதான் இருந்துச்சு. கால் இறங்கியும் ரத்தம் இறங்கலன்னா, கட்டியைத்தான் சந்தேகப்படணும்.”

செய்தி கேட்டுப் புன்கியட் ஷென்ஜென்னில் தன் அலுவலகத்தில் துள்ளிக் குதித்தான். “கௌட்டா? கௌட்டுதானா? அம்மா, நெஜமா கௌட்டா?” என்று கத்தியதைக் கேட்டுக் கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வாழ்த்துச் சொன்னார்களாம், குழந்தை பிறந்திருக்கிறது, கொஞ்சம் புதுமாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து.

அதன்பின் சோக்லுவான் தன் சந்தேகம் முழுவதையும் அந்தக் கட்டைவிரலின்மேல் திருப்பினாள். மாத்திரையை விழுங்குகிறாரா என்று நாக்கைத் தூக்கிக் காட்டச்சொன்னாள். விரல் சிறுத்ததாகத் தெரிந்தால், வெளிச்சம் ஏமாற்றுகிறது என்று ஜன்னலருகே இழுத்துப்போய்ப் பார்த்தாள். வீக்கம் வடிந்து தோல் சுருங்கத் தொடங்கியபோதும் நம்பவில்லை. “வெளியில அடங்கின மாதிரி நடிக்கும். உள்ள என்ன பண்ணுதோ” என்றாள்.

“விரலையுமா சந்தேகப்படுவ?”

“உன் விரல்தானே!”

திட்டு திரும்பி வந்துவிட்டது. ஹோக்சேங் அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். தேநீர் குடித்தவர் மாதிரி முகத்தில் ஒரு தெளிவு.

வியாழக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சோக்லுவான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பா, வேறெதற்கோ சிரித்ததா என்று அவள் அதையும் அலசினாள். ஹோக்சேங்கின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்து அழுத்தினாள். முழங்கால் நின்றது.

டாக்டர் நிங் வெளியே வந்தார். “இறங்கிடுச்சு. கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்துடுச்சு. அடுத்த வாரம் வெட்டலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க.” பிறகு வழக்கம்போல, நோயாளியின் தலைக்கு மேலாகச் சோக்லுவானைப் பார்த்துக் கண்ணால் தாழ்வாரத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டினார். “நீங்க கொஞ்சம் வாங்கம்மா. ஆபரேஷனைப் பத்திப் பேசணும்.”

சோக்லுவான் எழுந்திருக்கவில்லை.

“இங்கயே பேசுங்க. அவரைப் பார்த்துப் பேசுங்க.”

டாக்டர் நிங் கண்ணைத் திருப்பி ஹோக்சேங்கைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிறகு சுவரோரமிருந்த நாற்காலியை இழுத்து ஹோக்சேங்குக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாத்தையும் சொல்லவா?”

“கெட்டதை முதல்ல சொல்லுங்க” என்றார் ஹோக்சேங். “இனிப்பு தடவாதீங்க. தடவினீங்கன்னா இவ மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்.”

தையல் பிரியக்கூடும் என்பதிலிருந்து டாக்டர் நிங் தொடங்கினார். சோக்லுவானுக்குச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்போலிருந்தது. திரும்பவில்லை. ஹோக்சேங் நன்றாகப் பார்க்கும்படி முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.